பழைய வேனும் தகுதிச் சான்றும்

சங்கம் சொந்தமாக ஒரு சரக்கு வேன் வைத்துக்கொள்ளலாமா என்று அங்கத்தினர்கள் பலர் நம்மிடம் கேட்டு வருகிறார்கள். நூல் மூட்டைகளைக் கொண்டுவரவும், நெய்த போர்வைகளை ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்பவும், தோட்டத்துக் காய்களை வாடுமுன் கொண்டு சேர்க்கவும் வாடகை வண்டியையே நம்பியிருக்கும் சங்கத்தில் இந்த எண்ணம் எழுவது இயல்பே. புதிய வண்டிக்குப் பணம் போதாது. ஆகவே பழைய வண்டியை நாடுகிறோம். விற்பவர் முதலில் எடுத்து நீட்டுவது தகுதிச் சான்று. “எப்.சி. இருக்கிறது, வேறென்ன வேண்டும்?” என்கிறார். அந்தச் சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். நாமே விலை கொடுத்துக் கற்ற விஷயம் இது.

நமது சங்கம் சில ஆண்டுகளுக்கு முன் ஏழு வயதான டீசல் வேன் ஒன்றை வாங்கிற்று. சான்றில் இன்னும் ஐந்து மாதத் தவணை இருந்தது. வண்டிக்குப் புது வர்ணமும் அடித்திருந்தார்கள். வாங்கிய மூன்றாம் வாரம் அது தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் இறங்கிற்று. அந்தப் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதிக்கு மேல் இறங்கிய நிலையில் பிரேக் மிதி தரைவரை அமிழ்ந்துவிட்டது. ஓட்டுநர் நிதானம் உள்ளவர். இரண்டாம் கியரில் மெதுவாகவே வந்துகொண்டிருந்தார். முதல் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினார். உயிருக்குச் சேதமில்லை.

அடுத்த மகாசபையில் வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் எழுந்தார். “ஐயா, தறி வாங்கினால் படமரத்தைத் தட்டிப் பார்க்கிறோம், மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். வேன் வாங்கும்போது காகிதத்தையா பார்த்தீர்கள்?” என்று கேட்டார். நிர்வாகக் குழுவினரான நம்மிடம் அதற்குப் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி முறையாகப் பதிவு பெற்றதாகவே கருதப்படாது. புதிய வண்டிக்கு முதல் சான்று இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. அதன் பின், எட்டு வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சான்றைக் கையில் வாங்கியதும் எல்லோரும் அது முடியும் தேதியையே பார்க்கிறார்கள். சோதனை நடந்த தேதியைப் பார்ப்பதே முறை. ஐந்து மாதத் தவணை மீதி என்றால், நாம் வாங்கிய வேனை அதிகாரி பார்த்துப் பத்தொன்பது மாதங்கள் கழிந்துவிட்டன என்று பொருள். அத்தனை மாதமும் அது எந்தப் பாதையில், எவ்வளவு பாரத்துடன் ஓடிற்றென்று சான்றுக்குத் தெரியாது. சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. தகுதி குறைந்துவிட்ட வண்டியின் சான்றை எந்நேரமும் ரத்து செய்ய அதே 56-ஆம் பிரிவு இடம் தருகிறது.

சோதனையில் விளக்குகள், பிரதிபலிப்பான், ஹாரன், கண்ணாடி, வைப்பர், புகை, பிரேக், ஸ்டீரிங், வேகமானி முதலியவை பார்க்கப்படுகின்றன. இவை பிறருக்கு ஆபத்து நேராமல் காப்பவை. எஞ்சின் இன்னும் எத்தனை காலம் உழைக்கும், கிளட்ச் தேய்ந்துவிட்டதா, கியர்ப்பெட்டி முனகுகிறதா என்பன வாங்குபவருடைய கவலைகள். சோதனை அவற்றுக்காக ஏற்பட்டதன்று. மேலும் வண்டி பெரும்பாலும் பாரமின்றி, கழுவித் துடைத்து, அந்த நாளுக்கென்றே தயார் செய்து கொண்டுபோகப்படுகிறது. நல்ல டயர்களை ஒரு நாளைக்கு மாட்டிச் சென்று திரும்பியதும் கழற்றிவிடுவோரும் உண்டு என்று ஓட்டுநர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2021-இல் மத்திய அரசு தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதிகள் வகுத்தது. அங்கே ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் உருளைகளின் மீது யந்திரமே அளக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் யந்திரம் அளப்பதும் அன்றைய நிலையைத்தான்.

நமது வேனின் பிரேக் ஏன் கைவிட்டது? பட்டறையில் கழற்றியபோது விடை கிடைத்தது. பிரேக் ஆயில் கரிய நிறமாயிருந்தது. பல ஆண்டுகள் மாற்றப்படவில்லை. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கலந்தால் அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தருகே சூடு ஏறி, ஆயிலில் ஆவிக் குமிழ்கள் தோன்றுகின்றன. ஆயில் அழுத்தத்திற்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். ஆகவே மிதி அமிழ்கிறது, சக்கரம் நிற்பதில்லை. சமதரையில், சூடேறாத நிலையில், பாரமின்றிச் சோதித்தால் அதே பிரேக் குறையின்றிப் பிடிக்கும். சோதித்த அதிகாரியைக் குறை சொல்ல நமக்கு வழியில்லை.

ஆதலால் பழைய வேன் எதை வாங்கினாலும் பிரேக் ஆயிலை உடனே மாற்றுக. வாங்குமுன் எஞ்சின் ஓடும்போதே மிதியை ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்திருந்து பாருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. சக்கரங்களின் உட்புறத்தில் ஈரப் பிசுக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தபடியாகப் பழைய வேன்களில் தேய்வது ஸ்டீரிங்கும் ஸ்பிரிங் பட்டைகளும். ஸ்டீரிங் சக்கரத்தில் 30 பாகை வரை வெறும் ஆட்டத்தை விதி பொறுத்துக்கொள்கிறது. 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் இது விளிம்பில் ஏறக்குறைய 10 செ.மீ. ஆகும். விதியின் எல்லைக்குள் இருப்பது வேறு, நல்ல நிலையில் இருப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் தேய்வு தெரியும். பக்கவாட்டில் ஆட்டினால் டை ராட் முனைகளின் தளர்வு தெரியும். பின்புறப் பட்டைகளை வண்டி சமதரையில் நிற்கும்போது இருபுறமும் ஒப்பிட வேண்டும். நூல் மூட்டை இடத்தை அடைக்காமல் பாரத்தை ஏற்றும் சரக்கு. கூண்டு பாதி காலியாய்த் தோன்றும்போதே அனுமதித்த எடை தாண்டிவிடும். அவ்வாறு உழைத்த வண்டியின் பட்டைகள் தட்டையாகியிருக்கும், சில விரிசலும் கண்டிருக்கும்.

புது வர்ணத்தைக் கண்டால் மகிழாதீர்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியிலும் மீன் ஏற்றிய வண்டியிலும் சேஸிஸின் அடிப்பாகத்தை உப்பு தின்றிருக்கும். குழியில் நிறுத்தி, கீழே இறங்கிச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதே வழி. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்.

டயரில் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையலாகாது என்பது விதி. அதன் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் வயதைக் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. விளக்குகள் அடிக்கடி பழுதாகும், எளிதில் சரியாகும். அதற்காக வண்டியை வேண்டாமென்று ஒதுக்க வேண்டியதில்லை. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும். நாம் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது.

பிரிட்டனில் 1960-இல் பழைய வண்டிகளுக்கு இத்தகைய சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். இன்று அங்கே வண்டியின் எண்ணைக் கொடுத்தால், முந்தைய சோதனைகளில் எதெது தவறிற்று, அப்போது அது எத்தனை மைல் ஓடியிருந்தது என்று எவரும் இணையத்தில் பார்க்கலாம். நமது நாட்டு வாகன் இணையதளத்தில் சான்று, காப்பீடு இவற்றின் தவணையை அறியலாம். குறைகளின் வரலாறு அவ்வாறு கிடைப்பதில்லை. ஆகவே பட்டறை ரசீதுகளைக் கேட்டு வாங்குவது அவசியம். வங்கிக் கடன் தீர்ந்து பதிவேட்டில் நீக்கப்பட்டதா என்றும் பார்த்து, வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

நமது இரண்டாவது வேனை வாங்கும்போது மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் சென்றோம். அனுமதித்த எடைக்குள் மூட்டைகளை ஏற்றி, ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். முதல் இரண்டு வண்டிகளையும் வேண்டாம் என்றார். இரண்டிலும் சான்று செல்லுபடியாகவே இருந்தது. மூன்றாவதில் நான்கு குறைகளை எழுதிக் கொடுத்தார். விற்பவர் இரண்டைச் சரிசெய்தார். மற்ற இரண்டுக்கும் விலையைக் குறைத்தார். அந்தச் சீட்டைச் சங்க அலுவலகத்தில் வண்டிக் கோப்பில் வைத்திருக்கிறோம். அங்கத்தினர் எவரும் வந்து பார்க்கலாம்.