கைத்தொலைபேசியும் மடங்கலைகளும்

வீணையின் தந்தியை மீட்டும்போது அடிப்படைச் சுரம் மட்டும் எழுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு மீடிறனுடைய மேற்சுரங்களும் உடன் பிறக்கின்றன. வீணையின் இனிமைக்கு அவையே காரணம். வானலையை அனுப்பும் கருவியிலோ இவ்வாறு எழும் மடங்கலைகள் பிறர் செய்தியைக் கெடுப்பனவாகும்.

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அடுத்துள்ள பல்லேகம போன்ற ஊரை எண்ணிப் பார்ப்போம். மலை மறைக்கும் இடங்களில் கோபுரத்தின் அலை மெலிந்தே வந்து சேரும். அங்கே கைத்தொலைபேசி தன் வலுவை உயர்த்தியே பேசவேண்டும். 900 மெகாஹேட்ஸ் பட்டையில் ஜி.எஸ்.எம். கருவி 2 வாற்று வரை அனுப்பக்கூடும். வலு ஏற ஏற மடங்கலையும் ஏறும். கருவி 905 மெகாஹேட்ஸில் அனுப்பினால் அதன் இருமடங்கு 1810. அதுவோ 1800 பட்டையில் கைத்தொலைபேசிகள் கோபுரத்தின் செய்தியைக் கேட்கும் பகுதி. ஆகவே அருகிலுள்ள கருவியோ, இரு பட்டைகளையும் ஒருங்கே கையாளும் அதே கருவியோ, மெலிந்த செய்தியைக் கேளாமற் போகலாம். நோயாளிக்காக அம்புலன்ஸ் வண்டியை அழைப்பவருக்கு இது சிறு குறையன்று.

இதனாலேயே 1000 மெகாஹேட்ஸுக்கு மேற்பட்ட வேண்டாத அலை ஒரு மைக்ரோவாற்றைத் தாண்டலாகாது என்று ஜி.எஸ்.எம். விதி வரையறுத்தது. இரண்டு வாற்றில் அது இருபது இலட்சத்தில் ஒரு பங்கு.

வரம்பு மீறினால் குற்றத்தை எங்ஙனம் கண்டறிவது? பொறியியலாளர் முதலில் ஏரியலை நீக்கி, வடத்தின் வழியே மடங்கலையை அளப்பர். அங்கேயே மிகுந்திருந்தால் விரியலாக்கியையும் வடிகட்டியையும் திருத்தவேண்டும். வடத்தில் அடங்கியிருந்து, வெளியில் மட்டும் மிகுந்தால் ஐயம் வேறிடம் செல்லும்.

அடுத்து, ஏரியலுக்குப் பதிலாக 50 ஓம் தடையியைப் பொருத்தி, அலை எதிரொலிக்காத அறையில் மீண்டும் அளப்பர். மடங்கலை அப்போதும் நீடித்தால், காப்பு மூடியின் இடுக்கிலோ மின்வழங்கும் இணைப்பிலோ அது கசிகிறது. சிறு வளையக் கம்பியை நகர்த்திக் கசியும் இடத்தைத் தேடி, செப்புத் தாளால் மூடிச் சோதிப்பர். தடையியோடு மடங்கலை மறைந்தால் குற்றம் ஏரியலின் பக்கத்தது. நிலைமின்னைத் தடுக்க வைத்த இருவாயி, ஆளி, தளர்ந்த உலோகத் தொடுகை ஆகியன வலிய அலை தாக்கும்போது மடங்கலையைப் புதிதாகப் பிறப்பிக்கும். ஏரியல் 50 ஓமுக்கு இசையாதபோது விரியலாக்கியே மாறி நடப்பதும் உண்டு. ஆதலின் ஒவ்வோர் உறுப்பாக நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. வலுவைப் பாதியாக்கினால், இருமடங்கலை பெரும்பாலும் நான்கில் ஒன்றாகவும் மும்மடங்கலை எட்டில் ஒன்றாகவும் குறையும். சற்றும் குறையாவிடின், அது மடங்கலையே அன்று. கருவியின் வேறொரு சுற்றிலிருந்து வருவதாகலாம்.

கோபுரத்தின் அருகே கருவி தாழ்ந்த வலுவில் இயங்குவதால் இக்குற்றம் ஒளிந்திருக்கும். அது முழு உருவில் வெளிப்படுவது தொலைவிலுள்ள மலையூர்களிலேயே. ஆகவே ஆய்வுகூடத்துச் சோதனை முழு வலுவில் நடைபெறவேண்டும். நகரத்தில் நன்றாகப் பேசும் கருவி பல்லேகமவிலும் நன்றாகப் பேசும் என்பதற்கு அதுவே உறுதி.