'கலாய்ப்பது' விளையாட்டா, குற்றமா? 2 ஆண்டு ஜெயில் வரை போகலாம்

வாலாஜாபேட்டை:

காலை நேரத்தில் வாலாஜாபேட்டை பஸ் நிலையத்தில் நின்றால், "டேய், என்னையே கலாய்க்கிறியா?" என்ற குரல் காதில் விழாமல் இருக்காது. ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர் என்று படிக்கவும் வேலைக்கும் கிளம்பும் இளவட்டங்கள் வாயில் தினமும் புழங்கும் வார்த்தை இது.

கிண்டல், கேலி, நக்கல், ஓட்டுறது என்று இதற்கு பல சொற்கள் உண்டு. ஆனால் எல்லாம் ஒன்றல்ல. கேலியில் சிரிப்பு அதிகம். நக்கலில் குத்தல் அதிகம். ஓட்டுவது என்றால் ஒருத்தரை பிடித்துக்கொண்டு விடாமல் பேசுவது. 'கலாய்ப்பது' இவை எல்லாவற்றுக்கும் பொதுவாகி விட்டது.

பழந்தமிழில் 'கலாய்த்தல்' என்றால் கோபப்படுதல், சண்டையிடுதல் என்று பொருள். 'கலாம்' என்றால் சண்டை. இன்றும் கலாய்ப்பு எல்லை மீறினால் சண்டையில்தான் முடிகிறது.

நாவரசு வழக்கு

சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக்கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்த மாணவர் நாவரசு 1996 நவம்பரில் ராகிங் கொடுமையில் கொலை செய்யப்பட்டார். இதில் சீனியர் மாணவரை ஐகோர்ட்டு விடுதலை செய்தபோதும், 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

இந்த கொலையை அடுத்து 1997-ல் தமிழக அரசு ராகிங் தடை சட்டம் கொண்டு வந்தது. அடி, உதை மட்டும்தான் ராகிங் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு மாணவருக்கு பயம், வெட்கம், மன வேதனை உண்டாக்கும்படி கேலி செய்வதும் ராகிங்தான் என்கிறது சட்டம். கல்லூரிக்கு வெளியே, பஸ்சில் செய்தாலும் இது பொருந்தும்.

குற்றம் நிரூபிக்கப்பட்டால் 2 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கல்லூரியில் இருந்து நீக்கப்படுவதோடு, வேறு கல்லூரியிலும் சேர முடியாது. புகார் வந்தால் கல்லூரி முதல்வர் உடனே விசாரிக்க வேண்டும்.

"சும்மா கலாய்ச்சேன் சார்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. திருப்பி கலாய்க்க முடிகிற நண்பனிடம் பேசினால் அது விளையாட்டு. வாய் திறக்க முடியாத ஜூனியரிடம் பேசினால் அது வேறு.

பாதிக்கப்படும் மாணவ-மாணவிகள் பல்கலைக்கழக மானியக்குழுவின் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் செய்யலாம்.