தாமதம் சொன்ன உண்மை

காஞ்சிபுரத்துத் தறியில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். நெய்பவர் ஒருவர், கரைக்குரிய நாடாவைத் தள்ளும் துணையாள் மற்றொருவர். துணையாளின் கை கணநேரம் பிந்தினாலும், தலைநிமிராமலேயே நெய்பவர் அதனை உணர்ந்துவிடுவார்.

அத்தகைய தாமதமே அண்மையில் ஒரு பெரும் பொய்யை வெளிப்படுத்தியது. அமேசான் நிறுவனத்தில், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வாயிலாகக் கணிப்பொறிப் பணியாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவருக்குரிய மடிக்கணினி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருந்தது. அங்கே விசைப்பலகையில் தட்டும் எழுத்து, சியாட்டில் தலைமையகத்தை அடையச் சில பத்து மில்லிவிநாடிகளே போதும். (விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூறே மில்லிவிநாடி.) இவருடைய எழுத்தோ 110 மில்லிவிநாடிக்கும் மேலாகத் தாமதித்தது. ஆராய்ந்தபோது, வெகுதொலைவிலிருந்து வடகொரியர் ஒருவர் அக்கணினியை இயக்கி வந்தது தெரிந்தது. இதனை 2025 டிசம்பரில் அந்நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ஸ்டீபன் ஷ்மிட் வெளியிட்டார்.

பெயரை மாற்றலாம், முகவரியை மாற்றலாம், தூரத்தை மாற்ற இயலுமா? கண்ணாடி இழையினுள் ஒளியே 1,000 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மில்லிவிநாடி ஆகும். வழியிலுள்ள கருவிகள் மேலும் நேரத்தைக் கூட்டும்.

இவ்வகை மோசடிக்குத் துணைபோகும் உள்ளூர்க் கரங்களும் உண்டு. வடகொரியர்களுக்காகத் தம் வீட்டில் நிறுவனக் கணினிகளை வைத்து இயக்கிய அரிசோனாப் பெண்மணி ஒருவருக்கு 2025 ஜூலையில் எட்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. "கணினியை வீட்டில் வைத்திருங்கள், மாதப் பணம் தருகிறோம்" என்று எவரேனும் நம் பிள்ளைகளிடம் கூறினால், அது ஹலாலான வருவாயா என்று முதலில் வினவுங்கள். பொய்க்கு இடம் கொடுப்பது அமானிதத்திற்குச் செய்யும் துரோகமன்றோ!

நம் வீட்டுக் கணினியில் சுட்டி தாமதித்தாலே அந்நியர் புகுந்துவிட்டார் என்று அஞ்ச வேண்டாம். பழைய இயந்திரமும், தீர்ந்துபோகும் மின்கலமும்கூடக் காரணமாகலாம். ஆனால் சுட்டி தானே நகர்ந்தால் உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வங்கி அலுவலர் என்று கூறி எனிடெஸ்க் போன்ற தொலை இயக்கச் செயலிகளை நிறுவச் சொல்வோரை நம்பாதீர்கள். 2019இலேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரித்தது. பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

பிறர் இல்லத்தில் அனுமதியின்றி நுழையலாகாது என்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். இன்று கணினியும் ஓர் இல்லமே. அதன் வாசலைக் காப்போமாக! வல்ல அல்லாஹ் துணை புரிவானாக!