ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடாதீர்கள்

குல்லூர்சந்தை, கண்டியாபுரம், மொட்டமலை. விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இவை சில. இந்த முகாம்களில் வழக்கில் சிக்கிய குடும்பங்களிடம் பேசும்போது ஒரே தவறு திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. “கேஸை இழுக்காதே. கோர்ட்டில் ஒத்துக்கொள். உள்ளே இருந்த நாளையே தண்டனையாகப் போட்டு, அபராதம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள்” என்று யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். சொன்னவர் புரோக்கராக இருப்பார், ஸ்டேஷன் வாசலில் நிற்பவராக இருப்பார், சில நேரம் கறுப்புக் கோட்டே போட்டிருப்பார். பெயிண்ட் வேலைக்குப் போனால்தான் அன்றைக்குக் கூலி என்று வாழ்கிற மனிதர் வேறென்ன செய்வார்? மாஜிஸ்திரேட் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு, அபராத ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். வழக்கு முடிந்தது என்று நிம்மதியாகவும் இருக்கிறார்.

முடியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து ரூபாய் அபராதம் கட்டினாலும் சட்டத்தின் கணக்கில் அவர் தண்டிக்கப்பட்டவர். நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி திறந்தால், இயல்புரிமை வழியில் குடியுரிமை பெற நல்ல நடத்தையை ஒரு தகுதியாகக் கேட்கிறது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். ஊர் திரும்ப நினைத்தால் வெளியேறும் அனுமதிக்கான விசாரணையில் அந்தப் பழைய வழக்குதான் முதலில் மேசைக்கு வரும். எனவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பின்னாலும் சொல்வேன்: வக்கீலிடம் தனியாகப் பேசாமல், வழக்குக் காகிதத்தை யாரையாவது வைத்து முழுக்கப் படித்துக் கேட்காமல், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சிவகாசிக்காரர்களுக்குக் கைதும் தண்டனையும் வேறு வேறு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளம் என்று ஒவ்வொரு பெரிய பட்டாசு ஆலை வெடிவிபத்துக்குப் பிறகும் கைது, ரிமாண்ட், ஜாமீன் என்று இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஆலை முதலாளி கைதானால் “கேஸ் நிரூபணமாகட்டும், பார்க்கலாம்” என்று பேசுகிற அதே டீக்கடை, முகாம்காரர் கைதானால் மட்டும் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறது. இந்த ஓரவஞ்சனை எனக்குக் கோபத்தைத் தருகிறது.

புள்ளிவிவரமும் இந்த அவசரத்துக்குத் துணைபோகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், ஓர் ஆண்டில் பதிவான வழக்கும் அதே ஆண்டில் கிடைத்த தண்டனையும் பெரும்பாலும் ஒரே ஆட்களுடையவை அல்ல. தண்டனை விகிதம் என்று அச்சாவது, அந்த ஆண்டில் விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பது மட்டுமே. இழுத்துக்கொண்டு கிடக்கும் வழக்குகள் அந்தக் கணக்கில் வராது. வக்கீல் வைத்து வாதாடித் தோற்றவரும், பயந்துபோய் ஒப்புக்கொண்டவரும் அதில் ஒரே எண்ணாகத்தான் நிற்கிறார்கள். ஒரே வழக்கில் பல பிரிவுகள் இருந்தால் கடுமையான பிரிவின் கீழ் மட்டும் எண்ணுவது காப்பகத்தின் வழக்கம். சிறையைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத்தின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீது இன்னும் எந்தக் குற்றமும் நிரூபணமாகவில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் காவல்துறை, சட்டப்படி தங்கும் உரிமை இல்லாதவர்கள் மீதான குற்றச்சாட்டுகளையும் அவற்றில் கிடைத்த தண்டனைகளையும் தனித்தனியாக எண்ணி வெளியிடுகிறது. அந்த மாநிலத்தின் 2012 முதல் 2018 வரையிலான கைதுப் பதிவுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வு, கடும் குற்றங்களுக்காகக் கைதாகும் விகிதம் அந்நாட்டிலேயே பிறந்தவர்களைவிட ஆவணமற்றவர்களிடம் குறைவு என்று கண்டது. கணக்கைப் பிரித்து வைத்தால் வாய்ப்பேச்சு அடங்கும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் முகாம்காரர் எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை பேர் விடுதலையானார்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கேட்பது என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

சட்டம் மாறியிருக்கிறது, இதைப் பலர் கவனிக்கவே இல்லை. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் போய், குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். போலி பாஸ்போர்ட், போலி விசா என்றால் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் அபராதம். தான் வெளிநாட்டவர் இல்லை என்று நிரூபிக்கும் சுமை, பழைய சட்டத்தைப் போலவே, பிடிபட்டவர் தலையில்தான்.

இதே சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை வெளியிட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா நிபந்தனையிலிருந்தும் அதற்கான தண்டனையிலிருந்தும் விலக்குத் தருகிறது. முகாமில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஆணையின் நகலை வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஆனால் இதற்குக் குடியுரிமை என்று பொருள் இல்லை. பதிவு இல்லாதவருக்கு இது உதவாது. 2022 பொருளாதார நெருக்கடியில் படகேறித் தனுஷ்கோடிக்கு வந்தவர்களுக்கும் அந்தத் தேதி பொருந்தாது. போலி ஆவணம் வாங்கியவரையும் இது காப்பாற்றாது.

‘பதிவு செய்துகொண்ட’ என்ற நிபந்தனையில்தான் உயிரே இருக்கிறது. வேலைக்காக வெளி மாவட்டம் போய் முகாமின் வருகைக் கணக்கெடுப்பான ரோல்காலைத் தவறவிட்டு, பெயரை வெட்டிவிட்டார்கள் என்றால் உதவித்தொகை நின்றது மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். வருவாய் ஆய்வாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவது பயன்படாது. எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். அப்படியானால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

இந்த விலக்குக்கு அப்பாற்பட்டு, பிறப்பாலேயே குடிமக்களாக இருந்தும் அது தெரியாதவர்களும் உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியக் குடிமகன்தான். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்த அடிப்படையில்தான் 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1983 முதல் 1987 நடுப்பகுதி வரை இங்கே பிள்ளை பெற்ற குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே தேடி எடுங்கள்.

ஆதார் வைத்திருப்பது தவறில்லை, இங்கே குடியிருப்பவருக்கு அது கிடைக்கும். ஆனால் அது குடியுரிமைச் சான்று கிடையாது. “ஆதார் இருக்கிறதே, வாக்காளர் அட்டையும் வாங்கித் தருகிறேன், பாஸ்போர்ட்டும் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லும் புரோக்கரை வாசலோடு அனுப்புங்கள். வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6இல் ‘நான் இந்தியக் குடிமகன்’ என்ற உறுதிமொழிக்குக் கீழேதான் கையெழுத்து. குடிமகன் அல்லாதவர் தெரிந்தே அதில் கையெழுத்திட்டால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வழக்கு வரும்போது புரோக்கர் இருக்கமாட்டார், கையெழுத்துப் போட்டவர்தான் இருப்பார்.

இனி, கைது நடந்த அன்றைக்கு என்ன செய்வது?

அரசியல் சாசனத்தின் 21, 22ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 47, 48, 58ஆம் பிரிவுகள் இவை. கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லியிருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து வக்கீல். காவலில் இருக்கும் யாருக்கும், எந்த நாட்டவராக இருந்தாலும், இலவச வக்கீல் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவில் தருகிறது. இங்கேதான் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பம். ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது, ஆனால் மாவட்ட நீதிமன்றமும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கின்றன. ஜனங்கள் விருதுநகருக்கு பஸ் ஏறி, ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இடம் மாறி வந்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை! ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போங்கள். முடியாவிட்டால் உங்கள் வட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை. வெள்ளைத் தாளில் கைதானவர் பெயர், காவல் நிலையம், குற்ற எண், எந்தச் சிறை என்று நான்கு வரி எழுதினால் போதும்.

ஜாமீன் கிடைத்தும் பிணையாளர் கிடைக்காமல் சிறையிலேயே கிடப்பவர்கள் உண்டு. சொத்து வரி ரசீது வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் முகாம்காரருக்கு எளிதில் கையெழுத்துப் போட வருவதில்லை. 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்னவென்றால், ஜாமீன் ஆணை வந்து ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் அதைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம். சிறை நிர்வாகம் தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். எட்டாம் நாள் நீங்களே செயலருக்கு எழுதுங்கள்.

ஜாமீன் கிடைத்து, தண்டனைக் காலமும் முடிந்து, ஆனாலும் வீட்டுக்கு வராமல் போவதும் நடக்கிறது. திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் உள்ள சிறப்பு முகாமில் வெளிநாட்டவரை அரசாணை மூலம் வைத்துவிடுகிறார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 நவம்பரில் விடுதலையான நான்கு இலங்கைத் தமிழர்கள் சிறையிலிருந்து நேராகப் போனது அங்கேதான். அந்த நால்வரில் ஒருவரான சாந்தன் ஊர் திரும்பாமலேயே 2024 பிப்ரவரி 28இல் சென்னை மருத்துவமனையில் இறந்தார். ஒப்புக்கொண்டால் சாயங்காலமே வீடு என்று சொல்பவர் இதைச் சொல்வதில்லை. சிறப்பு முகாமுக்கு அனுப்பும் ஆணையின் நகலை வாங்குங்கள், அதில் உள்ள தேதியையும் காரணத்தையும் வக்கீலிடம் காட்டுங்கள். அதை எதிர்த்து மதுரைக் கிளையில் மனுப் போடலாம். அங்கேயும் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு இலவச வக்கீல் தரும்.

வெறுத்துப்போய், வழக்கோடு வழக்காக ஊருக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்களும் பொறுக்க வேண்டும். 2025 மே மாத இறுதியில் தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு திரும்பிய முதியவர் ஒருவரையே, முன்பு முறையான பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள்.

விடுதலையானவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. தீர்ப்பைக் காதால் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதே நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு, சான்றிட்ட தீர்ப்பு நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள். ஒன்று முகாம் வருவாய் ஆய்வாளருக்கு, ஒன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு, இரண்டுக்கும் ஒப்புகை வாங்கிக்கொண்டு. மூன்றாவதை நெகிழித் தாளில் போட்டு வீட்டில் வையுங்கள். மாவட்டங்களில் வெளிநாட்டவர் பதிவு அலுவலரும் காவல் கண்காணிப்பாளரே என்பதால் அந்த அலுவலகக் கோப்பில் ‘கைது’ என்பதோடு ‘விடுதலை’ என்பதும் ஏற வேண்டும். நீங்கள் கொடுக்காமல் அது தானாக ஏறும் என்று நம்பாதீர்கள். வழக்கின் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணையும் எழுதி வையுங்கள், இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலையைச் செல்போனிலேயே பார்க்கலாம்.

ராஜபாளையம் நூற்பாலை, சிவகாசி அச்சகம், பட்டாசு ஆலை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வங்காளத்திலிருந்து வந்தவர் பேசும் மொழியைக் கேட்டு ‘பங்களாதேஷ்காரர்’ என்று தகவல் கொடுப்பவர்கள் இங்கேயும் உண்டு. தொழிலாளியின் அசல் அட்டைகளை முதலாளியோ கங்காணியோ வாங்கி வைத்துக்கொண்டால், போலீஸ் கேட்கும் நேரத்தில் இந்தியக் குடிமகன் ஒருவரே கையில் எதுவும் இல்லாமல் நிற்பார். நகலை வைத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள்.

முன்பு சொன்ன கைது, விடுதலைக் கணக்கைக் கேட்கும் வேலை நம்முடையது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே அந்த உரிமையைத் தருவதால் குடியுரிமை இல்லாத முகாம்காரர் கேட்க முடியாது. பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் அலுவலகம், விருதுநகர் என்று முகவரியிட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளிலிருந்து தரச் சொல்லுங்கள். காவல்துறையின் கியூ பிரிவிடம் கேட்டால் உளவுத்துறை என்று சொல்லித் தட்டிக்கழிக்க வாய்ப்பு அதிகம். ‘விவரம் தருக’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். 1946ஆம் ஆண்டுச் சட்டம், 2025ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டின் கீழும் ஆண்டு வாரியாகப் பதிவான வழக்கு எத்தனை, கைது எத்தனை, குற்றப்பத்திரிகை எத்தனை, வாதாடித் தண்டனை பெற்றவர் எத்தனை, ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் எத்தனை, விடுதலை எத்தனை, சிறப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை என்று தனித்தனிக் கேள்வியாக எழுதுங்கள். பெயர் எதுவும் கேட்காதீர்கள், கேட்டால் மறுக்க அதுவே சாக்காகும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் பலனில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. எல்லா மனுவிலும் அந்த ஐந்தாவது கேள்வியை, ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் எத்தனை என்பதை, விட்டுவிடாமல் எழுதுங்கள்.