குமரி மாவட்டத்தில் இலத்தீன்

இத்தாலியில் உரோமை நகரைச் சூழ்ந்திருந்த இலாத்தியம் என்னும் நிலப்பகுதியின் மக்கள் இலத்தீனியர் எனப்பட்டதால், அவர்களது மொழி இலத்தீன் ஆயிற்று. உரோமைப் பேரரசின் ஆட்சிமொழியாகப் பரவிய அது, மக்கள் வழக்கில் இத்தாலியம், போர்த்துகீசியம், பிரெஞ்சு முதலிய மொழிகளாகத் திரிந்துவிட, திருச்சபையிலும் கல்வியிலும் மட்டும் எழுத்து வடிவில் நிலைபெற்றது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இச்சொல் மொழியைக் காட்டிலும் ஒரு வழிபாட்டு மரபையே பெரிதும் குறிக்கிறது. 1544ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கடற்கரையின் முக்குவர் ஊர்களில் திருமுழுக்கு வழங்கிய காலத்தில் பூசை உரோமை முறைப்படி இலத்தீனில் நடந்தமையால், அம்முறையைத் தழுவியோர், சிரியாக்கு மொழியில் வழிபட்டு வந்த தோமா கிறித்தவர்களிடமிருந்து பிரித்தறியப்படும் வகையில் இலத்தீன் கத்தோலிக்கர் என வழங்கப்பட்டனர். இவ்வழிபாட்டு மரபை இப்பகுதியினர் 'ரீத்து' என்பர். கோட்டாறு (1930), அதிலிருந்து பிரிந்த குழித்துறை (2014) ஆகியவை இலத்தீன் ரீத்துக்கும், 1996இல் தோன்றிய தக்கலை, மார்த்தாண்டம் மறைமாவட்டங்கள் முறையே சீரோ மலபார், சீரோ மலங்கரை ரீத்துகளுக்கும் உரியவை. மூன்று ரீத்தினரும் திருத்தந்தையின் தலைமையை ஏற்பவர்களே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்த பின்னர்ப் பூசை தமிழுக்கு மாறியது. ஆயினும், செபங்களின் வரிசை, திருநாள்களின் ஒழுங்கு, திருச்சபைச் சட்டம் ஆகியவற்றையும் சேர்த்தே அப்பெயர் சுட்டுவதால், மொழி மாறியும் பெயர் மாறவில்லை. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. எனவே, சான்றிதழில் அப்பெயரைக் காண்போர் அதை அயல்நாட்டு வழித்தோன்றலின் அடையாளமாகக் கருதலாகாது.

இலத்தீனின் மற்றொரு களம் தாவரவியல். கொச்சியின் டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு, மலையாள மருத்துவ அறிஞர்களின் துணையோடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் இலத்தீனில் வெளிவந்தது. அதில் 'கரிம்பன' என்ற பெயரோடு விளக்கப்பட்ட பனைமரத்துக்கு, லின்னேயஸ் 1753இல் 'பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர்' என்று பெயரிட்டார். இப்பெயரின் பிற்பகுதிக்கு 'விசிறி தாங்குவது' என்பது பொருள். நடுநரம்பிலிருந்து மடிப்பு மடிப்பாக விரியும் பனையோலையைப் பார்த்தவர்க்கு அதன் பொருத்தம் விளங்கும்.

பேச்சுவழக்கில் மாறிக்கொண்டே இராத மொழியாதலால், பல நாட்டு அறிஞரும் ஒரே உயிரினத்தை ஐயமின்றிச் சுட்ட இலத்தீன் உதவுகிறது. குமரிக் கடற்கரையில் ஒரு சமூகத்தின் பெயராகவும் பனங்காட்டில் ஒரு மரத்தின் அறிவியல் பெயராகவும் அது வழங்குவது, பேசுவோர் மறைந்த பின்னும் மொழி பணியாற்றக்கூடும் என்பதற்குத் தெளிவான சான்றாகும்.