டூச்சோ: சியேனா நகரின் ஓவியர்

டூச்சோ தி போனின்செஞ்ஞா மத்திய இத்தாலியின் சியேனா நகரைச் சேர்ந்த ஓவியர். 1278இல் நகர நிர்வாகத்தின் ஆவணப் பெட்டிகளுக்கு வண்ணம் தீட்டிக் கூலி பெற்றார் என்பதே அவரைப் பற்றிக் கிடைக்கும் முதல் பதிவு. அதன்பின் அவர் பெயர் நகரக் கணக்கேடுகளில் அடிக்கடி தென்படுகிறது. பல இடங்களில் அபராதம் கட்டியவராக. விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தது, போருக்குப் போக மறுத்தது எனக் காரணங்கள் பல. அடங்காத அந்த மனிதரின் தூரிகையிலிருந்துதான் அவ்வளவு சாந்தமான முகங்கள் பிறந்தன.

1285 ஏப்ரலில் பிளாரன்ஸ் நகரின் லௌதேசி என்ற பக்தி சபை, சாந்தா மரியா நோவெல்லா ஆலயத்துக்காக மாதாவின் பெரும்படம் ஒன்றை 150 லிராவுக்கு வரையச் சொல்லி அவருடன் ஒப்பந்தம் செய்தது. நாலரை மீட்டர் உயரமுள்ள அந்தப் படம் இன்று உஃபீட்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி அதைப் பிளாரன்ஸ் ஓவியர் சிமாபூவேயின் படைப்பு என்று குறித்துவிட்டார். அந்தத் தவறு பல காலம் நீடித்தது.

அக்காலத்துப் பலிபீடப் படங்கள் மரப்பலகையில் வரையப்பட்டவை. பாப்ளர் பலகைமீது ஜிப்சமும் பசையும் கலந்த வெண்பூச்சைப் பல அடுக்குகளாகப் பூசி, வழவழப்பாக்கி, தங்க ரேக்கு ஒட்டுவார்கள். நிறப்பொடிகளை முட்டையின் மஞ்சள் கருவில் குழைப்பார்கள். இந்த வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஆகவே மெல்லிய கோடுகளை ஒன்றையொட்டி ஒன்றாக இழுத்தே ஒளியையும் நிழலையும் வரவழைக்கவேண்டும். முகங்களுக்கு அடியில் பச்சை மண்ணைப் பூசியபின் மேலே இளஞ்சிவப்பு ஏற்றுவது வழக்கம். மாதாவின் மேலாடைக்கு வேண்டிய உயர்தர நீலம் ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்த கல்லிலிருந்து வந்தது. பைசாந்தியப் படங்களில் பொற்கோடுகளாக இறுகிக் கிடந்த துணி மடிப்புகளை டூச்சோ தளர்த்தி, உள்ளே உடல் இருப்பதை உணரவைத்தார்.

அவருடைய பெரும்பணி 'மாயெஸ்தா', அதாவது மாட்சிமை. சியேனா பேராலயத்தின் பிரதான பலிபீடத்துக்காக 1308 அக்டோபரில் ஒப்பந்தம் ஆயிற்று. வேலை செய்யும் நாளொன்றுக்கு 16 சோல்தி கூலி. முடியும்வரை வேறு வேலை ஏற்கக் கூடாது. தன் கையாலேயே வரையவேண்டும். 1311 ஜூன் 9 அன்று கடைகளெல்லாம் அடைக்கப்பட்டன. ஆயரும் குருக்களும் ஆட்சியாளர்களும் மக்களும் மெழுகுவர்த்தி ஏந்தி, மணிகள் முழங்க, படத்தை அவர் பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். 1260இல் மோந்தாபெர்தி போரில் பிளாரன்ஸை வென்ற நாள் முதல் மாதாவையே நகரின் தலைவியாகக் கருதியவர்கள் அவர்கள். சியேனாவுக்கு அமைதியும், வரைந்த டூச்சோவுக்கு வாழ்வும் வேண்டி மாதாவை நோக்கிய மன்றாட்டு, அவள் அரியணையின் அடியில் பொறிக்கப்பட்டது.

முன்புறம் மாதாவும் வானதூதரும் புனிதரும். பின்புறமோ கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் காட்சிகள். படத்தின் உயிர் அங்கேதான் அதிகம். ஓரிடத்தில், மேலே யூத குரு அன்னாசின் முன் இயேசு விசாரிக்கப்படுகிறார். கீழே முற்றத்தில் சீடர் பேதுரு நெருப்பில் குளிர்காய்ந்தபடி அவரைத் தெரியாது என்கிறார். இரண்டையும் ஒரு படிக்கட்டு இணைக்கிறது. அதில் கால் வைக்கும் பணிப்பெண் திரும்பிப் பேதுருவைச் சுட்டுகிறாள். இரு காட்சிகளும் ஒரே கணத்தில் நடப்பதை ஒரு படிக்கட்டால் காட்டிய இந்த யோசனை வியக்கத்தக்கது.

டூச்சோ 1318 அளவில் இறந்தார். 1319இல் அவர் பிள்ளைகள் தந்தையின் சொத்தில் தங்களுக்கு உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய வழியைச் சிமோனே மார்த்தீனியும் லொரென்சேத்தி சகோதரர்களும் தொடர்ந்தார்கள்.

1771இல் மாயெஸ்தாவை ரம்பத்தால் அறுத்து முன்னும் பின்னுமாகப் பிரித்தபோது மாதாவின் முகமும் சேதமடைந்தது. பெரும்பகுதி சியேனாவின் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறு பலகைகள் சில லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்விட்டன. லாசர் உயிர்த்தெழும் காட்சி டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் உள்ளது.