கார்ட்ஸ் பாடத்தை எங்கே தொடங்குவது?

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும்போது, நாயனத்துக்குப் பின்னால் ஸ்ருதிப்பெட்டி ஒன்று விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். முன்பு ஒத்து ஊதுகிறவர் மூச்சைப் பிடித்துச் செய்த வேலை அது. பிள்ளைகளுக்கு ஹார்மனி சொல்லித்தர இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

சட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமம் 360. எந்த ஸ்வரமும் தனியாக வருவதில்லை. இரு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்களையும் கூட்டிவருகிறது. சட்ஜத்தின் மூன்று மடங்கும் பஞ்சமத்தின் இரண்டு மடங்கும் 720இல் ஒன்றாகிவிடுகின்றன. பஞ்சமம் 362க்கு நகர்ந்தால் 720உம் 724உம் மோதும். நொடிக்கு நான்கு முறை ஒலி ஏறி இறங்கும். பிளஸ் ஒன் பாடத்தில் வரும் விம்மல் இதுதான். நாயனக்காரர் சீவாளியைச் சரிசெய்து சரிசெய்து ஊதிப்பார்ப்பது அது அடங்குவதற்காகவே. ஸ்வரங்களின் இணக்கத்தை இப்படி விளக்கி ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் புத்தகமே எழுதினார்.

நடுவில் அந்தர காந்தாரத்தை 300இல் சேர்த்தால் 4:5:6. மேஜர் கார்ட் பிறந்துவிட்டது.

எடுத்த எடுப்பில் கீபோர்டைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லா ஸ்ருதியிலும் வாசிக்க வசதியாக அதில் ஸ்தாயி 12 சம படிகளாக வெட்டப்பட்டிருக்கிறது. அதனால் காந்தாரம் ஏறக்குறைய 302.4இல் விழுகிறது, சட்ஜத்தோடு சேரும்போது மேற்சுரங்களில் நொடிக்கு ஒன்பதுக்கும் மேல் விம்மல். காது பழகுமுன் அதையே சுத்தம் என்று பதியவைக்கலாமா?

பாட்டுக்கும் பஞ்சமில்லை. இருக்கன்குடிக்குத் தெற்கே எட்டயபுரத்தில் 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், மேற்கத்திய மெட்டுகளுக்கு சங்கராபரணத்தில் சாகித்யம் எழுதி நோட்டுஸ்வரங்களைத் தந்துபோனார். ‘சியாமளே மீனாட்சி’ அவற்றில் ஒன்று. மெட்டு, பிள்ளைகளுக்குத் தெரிந்த ‘ட்விங்கிள் ட்விங்கிள்’.

வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வரிசை பாட்டைப் பாடட்டும்: ஸ ஸ ப ப த த ப. மற்ற இரண்டும் சட்ஜத்தில் நிற்கட்டும். தைவதம் வந்ததும் இரண்டாம் வரிசை மட்டும் மத்யமத்துக்கு ஏறி, பாட்டு பஞ்சமத்துக்குத் திரும்பியதும் சட்ஜத்துக்கு இறங்கிவிட வேண்டும். தைவதம் ஒலிக்கும் அந்த ஒரு கணத்தில் 240, 320, 400 சேர்ந்து ஒலிக்கும், 3:4:5. கார்ட் மாறுவதைப் பிள்ளைகள் தங்கள் தொண்டையிலேயே உணர்வார்கள். சரியாகச் சேர்ந்துவிட்டால் அறையே நிறைந்துவிடும், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும்.

கீபோர்டை அப்புறம் திறக்கலாம். காந்தாரம் எங்கே நடுங்குகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.